அகழிக்காரன் சொன்ன உண்மை

ஹார்ன்கோட் மாளிகையைக் கட்டியவன் கம்பளி வியாபாரத்தில் கொழுத்த ஒருவன். அரசனிடம் அனுமதி வாங்கி மதிலின் உச்சியில் கோட்டைபோலப் பல் வைத்தான், சுற்றிலும் அகழி வெட்டினான். அவனுக்கு எதிரி என்று யாரும் இல்லை. அக்கம்பக்கத்தார் அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அந்த மதிலின் மேல் ஏறியவை கொடிகள் மட்டுமே. அகழியில் கெண்டை வளர்த்தார்கள்.

அந்தக் கெண்டைக்கும் அகழியின் மதகுக்கும் காவல்காரன் ஹம்ப்ரி டக்கெட். முப்பது வருஷ வேலை. வேலையைவிடப் பேர்பெற்றவை அவனுடைய பொய்கள். கன்றுக்குட்டி அளவு கெண்டையை அவன் பார்த்திருக்கிறான். ஒரு கெண்டை அவன் தொப்பியைக் கவ்விக்கொண்டுபோய் ஈஸ்டர் அன்று திருப்பித் தந்திருக்கிறது. மாளிகையில் பாலும் பாலாடைக்கட்டியும் பார்த்துக்கொண்ட அவன் மனைவி உர்சுலா ஊராரிடம் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரன் மழை வருதுன்னா, நான் துணியை எடுத்துட்டுப்போய் வெளியில காயப்போடுவேன்."

1645, ஜூன். அரசனும் பாராளுமன்றமும் அடித்துக்கொண்டிருந்த மூன்றாவது கோடை. ஒருநாள் காலை உர்சுலா பாலாடைக்கட்டிகளைத் திருப்பிவைக்க உள்ளே போனாள். மதியத்துக்குள் பாராளுமன்றப் படையின் கேப்டன் பிராக்ஸ்டாக் எண்பது பேரோடு வந்துவிட்டார். வாயிற்கதவு சாத்தப்பட்டது. சரணடைய முடியாது என்று, அரசன் பக்கம் நின்ற மாளிகையின் எஜமானி ஜன்னலிலிருந்தே சொல்லிவிட்டாள்.

கேப்டன், போருக்கு முன் துணிக்குச் சாயம் போட்டுப் பிழைத்த நகரத்துக்காரர். விடிந்ததும் வேதாகமம் படிப்பவர். பதில் அனுப்பினார்: நாளை மாலைக்குள் திறக்காவிட்டால், ஏறிக் குதித்து வருவோம், உள்ளே இருக்கும் ஒருவருக்கும் உயிர்ப்பிச்சை கிடையாது. அது போர் முறை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மதகடியில் ஹம்ப்ரியைப் பிடித்து வில்லோ மரத்தடிக்கு இழுத்துவந்தார்கள். கிளையில் கயிறு. கயிற்றின் மறுமுனை அவன் கழுத்தில்.

"கொட்டகைக் கதவுகளைக் கட்டி மிதந்து போகலாங்கறான் ஒருத்தன். தண்ணியை வடிச்சிட்டு நடந்தே போகலாங்கறான் இன்னொருத்தன்" என்றார் கேப்டன். "எதுடா நடக்கும்? பொய் சொன்னே, இங்கேயே தொங்குவே."

ஹம்ப்ரியிடம் முப்பது வருஷத்துப் பொய் இருப்பில் இருந்தது. ஆபத்துக்கு ஒன்றுகூட வரவில்லை.

"வடிக்காதீங்க ஐயா! அடியில முந்நூறு வருஷத்துச் சேறு. நெஞ்சுவரைக்கும் உள்ள இழுத்துடும். கதவுலயே மிதந்து போங்க. சமையக்கட்டுப் பக்கம் மதில் தாழ்வு... ஜன்னல் கம்பிகூடத் துருதான். ஒரு உதைக்குத் தாங்காது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. சமையற்கட்டை ஒட்டித்தான் பால் அறை. உர்சுலா அங்கேதான் இருப்பாள்.

படைக்கு மாவு விற்க வந்திருந்த மில்காரன் ஸ்பர்லிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேப்டன் ஐயா, போயும் போயும் இவன்கிட்டயா யோசனை கேக்கறீங்க? மீன் என் தொப்பியை இரவல் வாங்கிட்டுப் போச்சுன்னு கோயில் வாசல்ல நின்னு சொன்ன பய இவன்!"

சிப்பாய்கள் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

"உன் பெண்டாட்டி எங்கே?"

"உள்ளே, ஐயா."

"பெண்டாட்டியை உள்ளே வெச்சுக்கிட்டு எனக்கு வழி காட்டறியா? மிதந்து போன்னு நீ சொன்னா, நடந்து போறதுதான் நல்லது. போ, மதகைத் தூக்கு."

சொன்னது சத்தியம் என்று இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருந்தால் கேப்டன் நம்பியிருக்கலாம். ஹம்ப்ரி வாயை மூடிக்கொண்டு மதகுப் பலகையைத் தூக்கினான்.

மறுநாள் மதியத்துக்குள் அகழி வற்றிவிட்டது. வெயிலில் சேற்றின் மேல் ரொட்டித் தோல்போல ஓர் ஆடை படிந்து, பார்வைக்குக் கெட்டித் தரையாகவே இருந்தது. ஹம்ப்ரியை மறுபடி கயிற்றோடு மரத்தடியில் நிறுத்தினார்கள்.

ஏணிகளோடு முதல் வரிசை இறங்கியது. ஐந்து அடி, ஆறு அடி, தாங்கியது. ஹம்ப்ரி கண்ணை மூடிக்கொண்டான். ஒன்பதாவது அடியில் ஒருவன் கத்தினான்.

கண்ணைத் திறந்தபோது பதினோரு பேர் இடுப்புவரை புதைந்திருந்தார்கள். அசைய அசைய இறங்கினார்கள். முன்னால் நின்று நடத்திய கேப்டனும் அதில் ஒருவர். மதில்மேலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. கரையில் நின்றவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஹம்ப்ரிதான் கழுத்துக் கயிற்றைக் கழற்றி எறிந்து, மிதப்பதற்காகக் கொண்டுவந்த கதவுகளைச் சேற்றின்மேல் தள்ளி, அதில் தவழ்ந்துபோய் ஒவ்வொருவராக இழுத்தான். ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை.

மார்புவரை கறுத்துப்போன கேப்டன் அவன் முன்னால் வந்து நின்றார்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுதானே ஐயா சொன்னேன்."

உண்மை சொன்னவனைத் தூக்கில் போட வேதாகமத்தில் வசனம் தேடியிருப்பார் போலும். கிடைக்கவில்லை. ஏணிகளும் சேற்றோடு போயிருந்தன; மில்காரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாலையில் படையோடு கிளம்பிப் போய்விட்டார். எண்பது பேர் வீழ்த்த முடியாத மதிலை அடுத்த வருஷம் ஒரு காகிதம் வீழ்த்தியது. போரில் வென்ற பாராளுமன்றத்திடமிருந்து இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கடப்பாரை பிடித்தவர்களில் ஹம்ப்ரியும் ஒருவன்.

மதுக்கடையில் அவனைக் கொண்டாடினார்கள். யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே உண்மையைச் சொல்லிக் கேப்டனைச் சேற்றில் இறக்கினானாமே, என்ன மூளை!

"இல்லப்பா, பயத்துல உளறிட்டேன்" என்பான்.

"பாரு, ஆரம்பிச்சுட்டான்!" என்று இன்னொரு குவளை ஊற்றுவார்கள்.

உர்சுலா மட்டும் சிரிக்கவில்லை. கதவு திறந்து வெளியே வந்த அன்று மாலையே கேட்டாள். "சமையக்கட்டு ஜன்னலையுமா சொன்னே? ஸ்பர்லிங் சொல்றான்."

"சொன்னேன்."

"நான் அந்தப் பக்கந்தான் இருப்பேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

அதன்பின் பதினெட்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவன் மழை வருகிறது என்றால், எழுந்து போய்த் துணியை உள்ளே எடுத்து வைப்பாள்.