டேப்லெட்டுக்குப் பொட்டு வைத்தேன்

செப்டம்பர் கடைசியில் என் மகளின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவள் நன்றாகப் படிக்கிறாள், நன்றாக எழுதுகிறாள், ஆனால் வகுப்பில் அவள் குரலை இன்னும் கேட்கவே இல்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. இங்கே அமெரிக்காவில் ஆசிரியர்கள் எதையுமே குறையாகச் சொல்வதில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் பயம். வீட்டில் டேப்லெட் இருந்தால் ஒரு கதையை வாசித்துப் பதிவு செய்து அனுப்பட்டும், நான் மட்டும்தான் கேட்பேன், அப்படியே பழகிப் பழகி வகுப்பிலும் பேசிவிடுவாள் என்றார்.

கைபேசியிலேயே பதிவு செய்து அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். இது இப்போது தோன்றுகிறது. அன்று என் காதில் விழுந்தது 'டேப்லெட்' என்ற சொல் மட்டும்தான்.

வீட்டில் அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. தோசை ஏன் வட்டமாக இல்லை என்பதில் தொடங்கி, தூங்கப் போகும்வரை வழக்காடுவாள். அப்படிப்பட்டவள் பள்ளியில் வாயே திறக்கவில்லை என்றால் அதற்கு நான்தான் காரணம் என்று உடனே முடிவு செய்துகொண்டேன். மூன்று வயதுவரை வீட்டில் தமிழ் மட்டும் பேசியதாலா? இல்லை, அதன்பிறகு போதுமான அளவு பேசாததாலா? இரண்டையும் மாற்றி மாற்றி நம்பினேன்.

நான் ஒரு மருந்து நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பிறர் எழுதியதில் எது எது உடையும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தத் திறமையோடு ஒருத்தி குழந்தைக்கு டேப்லெட் தேடினால் எப்படி இருக்கும்? சின்னத் திரை என்றால் கண் கெடும். பெரிய திரை என்றால் கை வலிக்கும், கீழே போட்டால் உடையும். பேனாவோடு வருவது நல்லது, ஆனால் பேனா தொலையும். குழந்தைகளுக்கென்றே ரப்பர் உறை போட்டு விற்பது பத்திரமானது, ஆனால் அடுத்த வருடமே 'இது பேபி டேப்லெட்' என்பாள். தமிழ்ப் பள்ளி அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் கேட்டேன். பதில் சொன்ன ஒவ்வொருவரும் தாங்கள் வாங்கியதையே சிபாரிசு செய்தார்கள், பிறகு அதை ஏன்தான் வாங்கினோமோ என்றும் எழுதினார்கள்.

"ஏம்மா, நீ டேப்லெட் வாங்கறியா, இல்ல அதுக்கு வரன் பாக்கறியா?" என்றார் கணவர்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. அவ படிப்பு விஷயம்."

"படிப்புக்கு மட்டும்தானா? வேர்ல்ட் கப் வந்தா நானும் பாக்கலாம்ல?"

ரூட் பதினெட்டு நெடுஞ்சாலையில் இருந்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு மூவரும் போனோம். எதற்கு வேண்டும் என்று விற்பனைப் பெண் கேட்டாள். பள்ளிப் பாடத்துக்கு என்றேன். பொழுதுபோக்குக்கும் உண்டா என்றாள். "கொஞ்சம், எப்போதாவது" என்றேன், குடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்வதுபோல.

கண்ணைக் கெடுக்கும் நீல ஒளியைப் பற்றி நான் அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு டேப்லெட்டின் முன் மகள் நின்று ஏதோ பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். முயல் ஒன்று வால்மார்ட்டுக்குப் போன கதை. நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

"சூப்பர்டா கண்ணா. ஆனா 'ரேபிட் கோ'ன்னு சொல்லக் கூடாது, 'ரேபிட் வென்ட்'. இன்னொரு வாட்டி சொல்லு."

அவள் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

காரில் கணவர் சொன்னார், "அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நீ ரிவ்யூ பண்ணிடற."

"தப்பாச் சொன்னா திருத்த வேணாமா?"

"முயல் வால்மார்ட் போச்சேன்னு நீ கவலைப்படல. கிராமருக்குக் கவலைப்படற."

அன்று ஒன்றை வாங்கினோம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்காமலேயே மற்றொன்றின் விமர்சனத்தைப் படித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு அதை வாங்கினேன். அதையும் திருப்பினேன். வாங்கியதைத் திருப்பித் தரலாம் என்ற இந்த நாட்டு வசதி என்னைப் போன்றவர்களைக் கெடுப்பதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது. கடையில் பொருளைத் திருப்பி வாங்கும் மேசையில் நின்ற ஊழியர் என்னைப் பார்த்ததும் 'மறுபடியுமா' என்று புன்னகைக்கத் தொடங்கியிருந்தார். இதற்கிடையே ஆசிரியைக்கு நீண்ட நீண்ட மின்னஞ்சல்கள் அனுப்பினேன்: தேர்வு இறுதிக்கட்டத்தில் உள்ளது, தாமதத்துக்கு மன்னிக்கவும். பாவம், அவரும் கெடுவைத் தள்ளிக்கொண்டே போனார்.

கடைசியில் கணவர் என்னைக் கேட்காமல் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டார். நான் முதலில் வாங்கித் திருப்பியதையே. அது வந்து சேர்ந்தது சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள்.

எங்கள் வட்டாரத்தில் பலர் பூஜையைச் சௌகரியமாகச் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுவார்கள். நான் மாற்ற மாட்டேன். பஞ்சாங்கத்தில் என்ன நாளோ அதே நாள், அது வேலை நாளாக இருந்தாலும். அந்தப் புதன்கிழமை காலையில் புத்தகங்களை அடுக்கி, மேலே டேப்லெட்டை வைத்தேன். மகளின் குரலுக்காக வாங்கிய பொருள், வாக்குக்குத் தெய்வமே சரஸ்வதிதான், பிறகென்ன? சந்தனத்தைக் குழைத்து, நெற்றியில் வைப்பதுபோல மேல்விளிம்பின் நடுவில் பொட்டு வைத்தேன். அங்கேதான் கேமரா இருக்கிறது என்பது, எல்லா விமர்சனங்களையும் படித்திருந்த எனக்கு, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நான்கு மூலைகளிலும் வைத்தேன். கொஞ்சம் ஸ்பீக்கர் துளைகளுக்குள் போனது. மேலே குங்குமம்.

மாலையில் பள்ளியிலிருந்து வந்தவள் நேராகப் பூஜை அலமாரிக்கு வந்தாள். இனி அவள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன், அவள் பேசியது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் என்றாலும்.

"அம்மா, ரெக்கார்டிங் இன்னிக்கு டியூ. இதுதான் லாஸ்ட் டேட்."

நானே கேட்டு வாங்கிய தேதி. எப்படியோ மறந்திருந்தேன்.

"இன்னிக்கு எடுக்கக் கூடாதுடா. பூஜைல வச்சிருக்கு. நாளைக்குக் காலையில எடுக்கலாம்."

"என் போன்ல பண்ணிக்கட்டுமே," என்றார் வீட்டிலிருந்து வேலை பார்த்த கணவர்.

"போன் பிரச்சனை இல்லங்க. இன்னிக்குப் படிக்கவே கூடாது. கதைப் புத்தகமும் அடியில இருக்கு."

"ஸ்கூல்ல இன்னிக்குப் படிச்சேனே," என்றாள் மகள்.

"அது ஸ்கூல்."

"அப்பா லேப்டாப்ல பொட்டு இருக்கு. அப்பா மீட்டிங்ல இருக்காரு."

கணவர் மடிக்கணினியை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "கிளையண்டுக்குப் பூஜை தெரியாதுடா செல்லம்."

"என் டீச்சருக்கும் தெரியாது!"

எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் குரலுக்காக வேண்டிக்கொண்டு வைத்ததை நானே பாதியில் பிடுங்கினால், அதன்பின் அவள் ஜென்மத்துக்கும் வகுப்பில் பேசாமல் போய்விட்டால்? சிரிக்காதீர்கள், நான் உண்மையாகவே இப்படித்தான் யோசித்தேன். ஆசிரியைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'எங்கள் டேப்லெட் இன்று வழிபாட்டில் இருப்பதால்' என்று தட்டச்சு செய்து, படித்துப் பார்த்து, அழித்துவிட்டேன். குழந்தை நாளைக்குப் போய் என்ன சொல்லும்? அவள்தான் பேசவே மாட்டாளே.

மறுநாள் விஜயதசமி. அவளைப் பள்ளியில் இறக்கிவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பகலில், வேலைக்கு நடுவே, சுண்டலை நைவேத்தியம் வைத்து டேப்லெட்டை எடுத்தேன். கேமராவைச் சந்தனம் மறைத்திருந்ததால், என் முகத்தைக் காட்டியும் அது திறக்க மறுத்தது. பல் குத்தும் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஸ்பீக்கர் துளைகளிலிருந்து காய்ந்த சந்தனத்தை ஒவ்வொன்றாகக் கிளறினேன். கேமராவைத் துடைத்தேன். கண்ணாடித் துணியால் பளபளவென்று தேய்த்தேன். பூஜையின் சுவடே இல்லாமல், கடையிலிருந்து வந்ததுபோல ஆக்கிவிட்டேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

பிள்ளைகளை அழைத்துப்போகும் கார் வரிசையில் என் முறை வந்தபோது ஆசிரியையே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் மன்னிப்பை ஆரம்பித்துவிட்டேன். அவர் கையை ஆட்டி என்னை நிறுத்தினார்.

காலையில், பதிவு எங்கே என்று மகளிடம் மெதுவாகத்தான் கேட்டாராம். டேப்லெட்டை அம்மா ஒரு கடவுளிடம் ஒரு நாளைக்குக் கொடுத்துவிட்டாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். எதற்கு, கடவுள் அதில் என்ன செய்வார், சார்ஜர் கொடுத்தீர்களா என்று கேள்விமேல் கேள்வி. மகள் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கணக்குப் பாடத்தில் பாதி போய்விட்டது என்றார் ஆசிரியை, வருத்தமே இல்லாமல். பதிவைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம் என்றார். ஒரே ஒரு வேண்டுகோள்: நாளைக்கு டேப்லெட்டை வகுப்புக்குக் கொடுத்தனுப்ப முடியுமா? அந்த நிறங்களோடு அப்படியே. பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

"கட்டாயம்," என்றேன்.

சந்தனப் பொடி மிச்சம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வீடுவரை ஓட்டினேன். உள்ளே நுழைந்ததும் அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா! தொடச்சிட்டியா?"

"திரும்ப வச்சிடலாம்டா. இப்பவே."

சாமி கும்பிடாமல், வெறுமனே காட்டுவதற்காகப் பொட்டு வைக்கலாமா? வாட்ஸாப் குழுவில் கேட்கத் தொடங்கி, பாதி தட்டச்சு செய்து, அழித்தேன். சந்தனப் பொடியில் நீர் விட்டுக் குழைத்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, வகுப்பில் சொன்னதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து எனக்குச் சொன்னாள். சரஸ்வதி கிதார் வாசிப்பாளாம். மயில்மேல் ஏறிப் பறப்பாளாம். அந்த ஒரு ராத்திரியில் உலகத்தில் இருக்கும் எல்லாப் புத்தகங்களையும் படித்து முடித்துவிடுவாளாம், அதனால்தான் நாம் தொடக் கூடாதாம், அவளுக்குத் தொந்தரவாக இருக்குமாம்.

வீணை என்று சொல்ல வாய் வந்தது. மயில் முருகனுடையது என்றும் வந்தது. சந்தனத்தில் இருந்த கட்டி ஒன்றை விரலால் நசுக்கினேன்.

"இங்க வைக்கட்டா?"

"இங்க இல்ல, அது கேமரா," என்றாள். "கொஞ்சம் கீழ. இன்னும் பெருசா, அம்மா. நான் ரொம்பப் பெருசுன்னு சொல்லிட்டேன்."

வைத்தேன். அவள் தள்ளி நின்று பார்த்தாள்.

"இன்னும்," என்றாள்.