பேஸ்ட் காயும் வரை

அப்போது எனக்கு ராத்திரி ஷிஃப்ட், அவருக்கு மதிய ஷிஃப்ட். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். தெற்கே இருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் இருவரும்; கம்பெனிதான் வேறு வேறு. அவர் வேலை முடிந்து திரும்பும்போது நான் கிளம்பிப் போயிருப்பேன். காலையில் நான் வரும்போது பாயில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்பார். டீ போட்டுக் கொடுப்பார். குடித்த கையோடு நான் படுத்துவிடுவேன். எழுந்து பார்த்தால் சோறு வடித்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

அந்தச் சமயம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். சேரப்பணஞ்சேரியில் ஒரு வீடு இருப்பதாகத் தெரிந்து, என் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவர் காரை எடுத்துக்கொண்டு என் கம்பெனி கேட்டுக்கு வந்திருந்தார். பழைய கார். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஏறி உட்கார்ந்தேன். விடிய விடிய நின்றதில் குதிகால் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

வடக்குப்பட்டு பக்கம் எங்களுக்கு முன்னால் போன டிரெய்லர் சிக்னல் போடாமல் திரும்பியது. அவர் காரை ஓரத்தில் இறக்கினார். மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்துக்குள் கல் கிடந்திருக்கிறது. என் காலுக்கு அடியிலேயே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டார்.

இறங்கிக் குனிந்து பார்த்தோம். கறுப்பாக ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"சேம்பர் போச்சு" என்றார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

டீக்கடையில் கேட்டதற்கு, பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் ஷெட் இருப்பதாகச் சொன்னார்கள். மெக்கானிக் அந்த ஊர்க்காரர், ஐம்பது வயசு இருக்கும். வந்து, சாக்கை விரித்துப் படுத்து அடியில் பார்த்தார்.

"இன்னா தம்பி, நல்லா வாங்கிகினு கீது. நீளமா வெடிச்சிருச்சு. உடனே ஆஃப் பண்ணியே, அதான் இன்ஜின் தப்பிச்சுது."

லோடு ஆட்டோவில் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துப் போனோம்.

"மதியம் ஷிஃப்ட் இருக்குண்ணே. வெல்டிங் வச்சு ஓட்டிரலாமா?" என்று இவர் கேட்டார்.

"வச்சுக் குடுப்பேன். ஆனா அலுமினியம் பாரு, சூடு ஏறி எறங்கச் சொல்ல எப்ப வேணா ஒட்டு விட்டுக்கும். அப்புறம் நடு ரோட்லதான் நிக்கணும்."

இவர் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒப்பேற்றி ஒப்பேற்றி ஓட்டுவது எனக்கு அலுத்துப் போயிருந்தது.

"புதுசே போடுங்கண்ணே" என்றேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சாமான் வர நேரமானது. மெக்கானிக் உடைந்த சேம்பரைக் கழற்றி, ஆயில் கசியாமல் இருக்க விளிம்பில் தடவியிருந்த பழைய பேஸ்ட்டைப் பிளேடால் சுரண்டினார். புதியதில் பேஸ்ட்டைப் பிதுக்கி, மேலே பொருத்தி, போல்ட்டுகளை முடுக்கினார். கிளம்பிவிடலாம் என்று நான் பையை எடுத்தேன்.

"எங்கம்மா போற? பேஸ்ட் காயணும். இப்பவே ஆயில் ஊத்துனா மறுபடி ஒழுகும். சாயங்காலம் ஆவும்."

இவர் தள்ளி நின்று சூப்பர்வைசருக்கு போன் செய்தார். "சார்… இல்ல சார்… சரி சார்" என்பது மட்டும் கேட்டது. லீவு சொல்லிவிட்டு வந்து உட்காருவதற்குள் சேரப்பணஞ்சேரி வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். வேறு யாரோ வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம்.

"விடுங்க" என்றேன்.

ஏதோ வேனிலிருந்து கழற்றிப் போட்ட சீட் ஒன்று தகரத்துக்கு அடியில் கிடந்தது. அதில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

"நீ சாப்பிடுதத பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ராத்திரி தூங்கலையா?"

"கார்ல தூங்குனேன். உங்க கம்பெனி வாசல்ல."

"வீடு பாக்கணும்னு அவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களா?"

அவர் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார். "அப்பப்ப வருவேன். வீட்ல தனியாப் படுத்தா தூக்கம் வர மாட்டேங்கு. நீ உள்ளதான் இருக்கன்னு தெரிஞ்சா அங்கனயே வந்துருது. காலைல நீ ஷிஃப்ட் பஸ்ல ஏறுததப் பாத்துட்டு, முன்னாடி போயி பாய விரிச்சிருவேன்."

"என்னையும் கார்லயே கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

"பஸ்ல ஏறுனதும் தூங்கிருத. உன்ன எதுக்கு எழுப்பணும்?"

ராத்திரி நன்றாகத் தூங்கி எழுகிறவர் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாயில் உட்கார்ந்து அவர் கண்ணைத் தேய்க்கிற காட்சி மனசுக்குள் வந்து போனது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்குள் அவர் தோளிலேயே எனக்குக் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது கார் ஜாக்கியிலிருந்து இறங்கி நின்றது. ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மெக்கானிக் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூட இல்லை.

"அப்பவே முடிஞ்சிருச்சு. ரெண்டு பேரும் நல்லா தூங்கிகினு இருந்தீங்க, எழுப்ப மனசு வரலம்மா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி நானும் வேலைக்குப் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் ஷிஃப்ட் நேரத்துக்கே என்னையும் மாற்றச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். ஆள் இல்லை என்றார்கள். பார்க்கிறபோதெல்லாம் கேட்டேன். கடைசியில் பேக்கிங் பக்கம் போனால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். நாளெல்லாம் பெட்டி தூக்குகிற வேலை. சரி என்று போய்விட்டேன்.

வேறு வீடும் கிடைத்தது. தண்ணீர்தான் கொஞ்சம் கஷ்டம். இரண்டு பேருமே வேலை விட்டு வந்ததும் அடித்துப் போட்ட மாதிரி படுத்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் எழுந்து பால் வாங்கப் போவது என்று, கண்ணைத் திறக்காமலே சண்டை போடுகிறோம்.