மாவுக்கட்டோடு வாங்கிய பரிசு

அபிதகுசாம்பாள் புருஷனைத் தள்ளிவைக்கப் போகிறாளாம், அதற்காகத்தான் நெசவாளர் சங்கத்தில் தன் பேரில் உறுப்பினர் அட்டை கேட்கிறாளாம். முள்ளிப்பட்டில் கிளம்பிய இந்தப் பேச்சு, பால்காரர் வாயால் பக்கத்து வீட்டுக் கீதாவுக்கு வந்து, கீதா வாயால் அபிதகுசாம்பாளுக்கே வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆடி மாதம்.

"தள்ளிவெக்கறதுக்கு அட்டை எதுக்குடி? ரெண்டு கை போதாதா?" என்றாள்.

அந்த இரண்டு கையும் பதினெட்டு வருஷமாகத் தறியில்தான் இருந்தன. அட்டையில் மட்டும் கணவன் குப்புராஜ் பேர். அவன் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நெய்யாதவன் அட்டையை ரத்து செய்யப் போவதாகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அட்டை போனால் பட்டுநூல் கிடையாது, தறி நின்றுவிடும்.

சங்கம் இருந்த ஆரணிக்குப் பஸ் ஏறினாள்.

"நெய்யறது ஆம்பளைம்மா. பொம்பளை கூடமாட ஒத்தாசை" என்றார் செயலாளர் சின்னதுரை. "பெண்ணுரிமைன்னு பேசிகினு வர்றதெல்லாம் குடும்பத்த ரெண்டாக்கற பேஜாரு."

"அதுக்கு என்னா பேரு வேணா வெச்சுக்குங்க. நான் அட்டை கேக்கறேன்."

"முந்நூறு அட்டை இருக்குது. ஒண்ணுகூடப் பொம்பளை பேர்ல இல்ல. பொம்பளைங்க நெய்யறதா இருந்தா இருந்திருக்குமா இல்லையா?"

"அட்டையும் குடுக்க மாட்டீங்க. அட்டை இல்லாததையே சாட்சியாவும் சொல்வீங்க. நல்லா இருக்குதுங்க ஞாயம்."

நூல் வாங்க நின்றிருந்த சுப்பன் சிரித்துவிட்டான். சின்னதுரைக்கு முகம் சிவந்தது. "ஆதாரம் இருந்தா காட்டு."

அவர் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள். தொண்ணூற்றெட்டில் சிறந்த நெசவாளர் பரிசு வாங்கிய குப்புராஜ் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். இடது கையில் கேடயம். வலது கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது.

"மூணு மாசம் கட்டு. அந்த மூணு மாசத்துல நெய்த பொடவைக்குத்தான் பரிசு. படத்த மாட்டினவங்க நீங்க."

எட்டு வருஷமாக அதன் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தவர், எழுந்து நின்று பார்த்தார்.

"முன்னாடியே நெய்து வெச்சிருப்பான்."

"நூல் குடுத்த தேதி உங்ககிட்டதானே இருக்குது. எடுங்க."

அவர் எடுக்கவில்லை.

"ஒத்தக் கையாலயே நெய்திருப்பான் சார்" என்றான் சுப்பன். "நீங்க ஒருதரம் நெய்து காட்டிடுங்க, பிரச்சினை தீர்ந்துடும்."

"ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு முந்நூறு பேரும் வருவாளுங்க."

"வரட்டுமே. நெய்யறவங்கதானே வராங்க" என்றாள் அபிதகுசாம்பாள்.

"நீ சொன்னா ஆச்சா? குப்புராஜ் சொல்லட்டும்."

"போன் போடுங்க" என்று கணவனின் செல் நம்பரைச் சொன்னாள். ஊரில் அவன் பேர் சொல்ல இருந்தது அந்தப் பரிசு ஒன்றுதான். அந்தப் படத்தைக் காட்டிக் கேட்கப் போவதாகக் காலையில் சொன்னபோது, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சின்னதுரை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவள் மேஜையிலிருந்து விண்ணப்பத் தாளை இழுத்தாள். நெசவாளர் பெயர் என்ற கட்டத்தில் எழுதத் தொடங்கினாள். அபிதகுசாம்பாள் என்ற பேருக்கு அந்தக் கட்டம் போதவில்லை. கோட்டைத் தாண்டி எழுதினாள்.

குப்புராஜ் இன்னும் எடுக்கவில்லை.