வால்வுத் தோலுக்கு ஓர் ஆணி

நைனாவின் வேனை நான் ஒழுங்குபடுத்தியது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில். சரியாக இரண்டரை நாள் பிடித்தது. பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்த நைனா, திரும்பி வந்ததும் ஏலத்தில் எடுத்த பழைய பச்சை வேன் அது. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் எந்தக் கிணற்றில் ஆயில் இன்ஜின் நின்றாலும் அது போய் நிற்கும். உள்ளே ஸ்பேனர்கள் கோணிப்பையில் கிடந்தன. போல்ட்டுகளும் நட்டுகளும் பால்பவுடர் டப்பாக்களில் கலந்து கிடந்தன. எது எங்கே என்று நைனாவின் கைக்குத் தெரியும். கூடப் போகும் சித்தப்பாவுக்குத் தெரியாது.

நான் ஸ்பேனர்களை அளவுவாரியாக ஆணியில் மாட்டினேன். ஒவ்வொன்றின் பின்னாலும் பலகையில் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்தேன். டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினேன். ஆணியோ சீட்டோ இல்லாத பொருள் வேனில் இருக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். கடைசியில் மிஞ்சியது ஒரு பழைய ஒற்றைச் செருப்பு. ஜோடி இல்லை, குதிகால் பக்கம் வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. குப்பைமேட்டில் எறிந்தேன். நாய் கவ்விக்கொண்டு போனது.

"பட்டாளத்து ஸ்டோர் மாதிரி வெச்சிட்டியே பாப்பா" என்றார் நைனா. பரிசாக, அடுத்த வேலைக்கு என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

கடைத்தெருவுக்குச் செருப்போடு போகும் நைனாவும் சித்தப்பாவும், கிராமத்து வேலைக்குப் போகும் நாளில் அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவார்கள். சேற்றில் வீணாகும் என்பதால் என்று நானே காரணம் வைத்திருந்தேன். அன்று என்னையும் வெறுங்காலோடுதான் கூட்டிப்போனார்கள்.

கிணறு அந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரருடையது. நெல் பால் பிடிக்கும் சமயம். நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. வயல் வெடிப்பில் என் சுண்டுவிரல் முழுதாக நுழைந்தது. அந்த ஊரில் ஏழு இன்ஜின்கள். பெரிய வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவரைத்தான் மற்ற ஆறு பேரும் கூப்பிடுவார்கள் என்று சித்தப்பா வழியில் சொல்லியிருந்தார்.

"இன்னாப்பா மெக்கானிக்கு, இன்னிக்கி தண்ணி வருமா, திண்டிவனத்துக்காரனுக்கு ஆள் அனுப்பட்டா?" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

இன்ஜின் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. சித்தப்பா கிணற்றில் இறங்கினார். சற்று நேரத்தில் குரல் வந்தது. "அண்ணே, புட்வால்வுல தோலு போயிடுச்சி!"

குழாயின் அடியில் இருக்கும் வால்வு அது. அதற்குள் ஒரு வட்டத் தோல், கதவு போலத் திறந்து மூடி, ஏறிய தண்ணீர் இறங்கிவிடாமல் தாங்கும். தோல் இல்லையென்றால் எந்த இன்ஜினாலும் ஒன்றும் ஆகாது. நைனா வேனுக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"அந்த ஒத்த செருப்பு எங்க பாப்பா?"

"அதுக்கு ஆணி இல்ல நைனா. எறிஞ்சிட்டேன்."

ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திரும்பி, "தோலு வூட்லயே தங்கிட்டுதுங்கய்யா. எடுத்துக்கினு வர சாயங்காலம் ஆவும்" என்றார்.

"சாயங்காலம் வரிக்கும் பயிர் உன் பேச்ச கேட்டுக்கினு நிக்குமா?" பெரிய வீட்டுக்காரர் பக்கத்தில் நின்ற ஆளிடம் கை காட்டினார். "போடா, திண்டிவனத்தானுக்குச் சொல்லு."

அந்த ஆள் வரப்பில் இறங்கிவிட்டான். தோல், தோல் என்று தேடினேன். கிணற்று மேட்டில் மொத்தம் எட்டுப் பேர். ஏழு பேர் வெறுங்கால்.

"இவர் கால்ல இருக்குதே நைனா. நல்ல கெட்டித் தோலு."

வரப்பில் போனவன்கூட நின்று திரும்பிப் பார்த்தான். செருப்பு புதிது, அதனால்தான் என்று நினைத்தேன்.

பெரிய வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். வலது செருப்பைக் கழற்றிக் காலாலேயே நைனா பக்கம் தள்ளினார். நைனா குனியவில்லை.

"கையில எடுத்துக் குடுங்கய்யா. மண்ணு ஒட்னா தோலு வால்வுல ஒக்காராது."

"தொடச்சிக்கியேன்."

"நம்ம கெணறாச்சே. நாளிக்கி மறுபடியும் நின்னுடக் கூடாது பாருங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டுக்காரர் குனிந்தார். செருப்பை எடுத்தார், தம் துண்டால் துடைத்து நீட்டினார். நைனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் குழாய் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை தண்ணீர் கொட்டியது. நான் வேனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதி. "ஒத்தைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்று மற்ற செருப்பையும் விட்டுவிட்டு, சுட்ட வரப்பில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி பெரிய வீட்டுக்காரர் வீட்டுக்கு நடந்தார்.

திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா சிரித்தார். "மண்ணு ஒட்னா ஒக்காராதாமே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "சும்மா வாடா" என்றார் நைனா. அவர் மீசையும் ஆடிக்கொண்டிருந்தது. வேலை கைவிட்டுப் போகாத சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினேன்: வால்வுத் தோலில் மண் படக் கூடாது.

அதன் பிறகு நைனா வெறும் மண்ணில் தோலைப் போட்டு வெட்டியதை எத்தனையோ முறை பார்த்தேன். ஒருமுறை சுட்டிக்காட்டினேன். "அது வேற தோலு பாப்பா" என்றார்.

மிஞ்சிய செருப்புக்கு என்னையே ஆணி அடிக்கச் சொன்னார். அடித்து, 'வால்வுத் தோல்' என்று சீட்டும் ஒட்டினேன். ஆனால் அதிலிருந்து ஒரு துண்டுகூட அவர் வெட்டவில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் கடைத்தெருவில் புதுத் தோல் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வேனைச் சுத்தம் செய்யும்போது, "இத எறிஞ்சிடட்டா?" என்று கேட்பேன். "இருக்கட்டும்" என்பார்.

அந்த ஊர்த் தெருக்களில் எங்கள் காலனி ஆட்களைச் செருப்புப் போட்டு நடக்க விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தது இரண்டு வருடம் கழித்து. அதுவரை, உபயோகமில்லாத ஒரு பொருளுக்காக நல்ல ஆணி ஒன்று வீணாகிறதே என்பதுதான் என் குறை.