ஒரே மாதிரி பூட்ஸ்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

போன மாதம், வேலூர் கோட்டைக்குக் கிழக்கே மலைகள் மேல் இருக்கும் பழைய கோட்டைகளைக் காட்டும் நடைபயணத்தில் சேர்ந்தேன். வழிகாட்டி எங்கள் கம்பெனியின் பழுப்பு பூட்ஸ் போட்டிருந்தார். தையல் கச்சிதமாக இருந்தது.

"புல்லு உயரமா கீது. என் காலப் பாத்துக்கினே வாங்க," என்றார். அது எனக்குப் பழகிய வேலை.

மேலே இடிந்த மதிலைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினேன். பூட்ஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இடது குதிகாலில் தையல் விட்டிருந்தது. அடிவாரத்தில் நன்றாக இருந்ததே, அதற்குள் எப்படி என்று யோசித்தபடியே பின்தொடர்ந்தேன். பூட்ஸ் ஒரு வளைவில் திரும்பியது. குறுக்கே போய்ப் பிடித்துவிடலாம் என்று புல்லுக்குள் இறங்கினேன்.

"நில்லும்மா. அங்க சுனை கீது."

நிமிர்ந்து பார்த்தால், ஆடு மேய்க்கிறவர். செக்கிங்கில் கழித்த ஜோடிகள் சந்தைக்கு மலிவாக வரும். அதில் ஒன்று அவர் காலில் இருந்தது. கழித்தது நானாகவும் இருக்கலாம்.

அவர் கோலால் புல்லை விலக்கினார். என் அடுத்த அடி விழவேண்டிய இடத்தில், பாறைக்குழியில் கறுத்த தண்ணீர்.

"இன்னாம்மா, எதுக்கு என் பின்னாடியே வர்ற?"

"உங்க பூட்ஸ்ல தையல் விட்டுப்போச்சுண்ணா," என்றேன்.

"அத சொல்லவா இம்மாந்தூரம் வந்த?"

இப்போதெல்லாம் எங்கே நடக்கப் போனாலும் வழிகாட்டியின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். பூட்ஸைப் பார்ப்பதெல்லாம் மலையிலிருந்து கீழே இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான்.