ஒரு கை மல்லாட்டை

பார்சுவநாதன் சாருக்கு டாக்டர் பட்டம் கிடைக்காமல் போனதற்குப் பசிதான் காரணம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அதே கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். கணக்கு முழுக்க என் கையால் போட்டது, அதனால் சொல்கிறேன்.

அவர் தாவரவியல் விரிவுரையாளர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதில் இரண்டு ரகங்களைக் கலந்து, மழை தப்பினாலும் காய்க்கிற புது ரகம் எடுப்பதாக 1973-ல் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தார். அடி அண்ணாமலையில் ஆதிமூலம் என்ற விவசாயி கால் காணி நிலம் விட்டுக்கொடுத்தார்.

மல்லாட்டைப் பூ விடியற்காலையில் மலரும். கலப்பு செய்ய வேண்டுமானால் முந்தின சாயங்காலமே மொட்டைப் பிரித்து, ஆண் பாகத்தை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். முடிப்பதற்குள் இருட்டிவிடும். சாருடையது சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். ஏழரை மணிக்குச் சைக்கிளில் வீடு வந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடுவார். பூக்கிற நாளில் மட்டும்தானே என்றார் முதல் வருஷம். அப்புறம் அளவெடுப்பு, களை, காவல் என்று எல்லாச் சாயங்காலமும் அங்கேயே போனது.

இப்படிப் பதினோரு வருஷம். மழை இரண்டு தடவை ஏமாற்றியது, ஒரு தடவை பன்றி தோண்டித் தின்றது. பல்கலைக்கழகம் கெடுவை நீட்டி நீட்டி, 1984 டிசம்பரோடு சரி என்று எழுதிவிட்டது. அதைத் தவறவிட்டால் விரிவுரையாளராகவே ஓய்வு பெற வேண்டியதுதான்.

கடைசிச் சோதனையில் பழைய ரகம் ஆறு பாத்தி, புது ரகம் ஆறு பாத்தி. அறுவடையான பின் மூன்று முறை கணக்குப் போட்டேன். புது ரகத்தின் கூடுதல் விளைச்சல் தற்செயல் இல்லை என்றே வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருவரும் ஆதிமூலத்திடம் சொல்லப் போனோம்.

"ஜாஸ்தி வராம எங்க போவும்? புதுசு சாக்குல எல்லாம், கணக்குல சேக்காத ஓரத்துச் செடி காயையும் கை கையா அள்ளிப் போட்டேன் சார். ராத்திரி சோறில்லாம போறீங்களே, மனசு கேக்கல" என்றார் ஆதிமூலம் சிரித்துக்கொண்டே.

சார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்டவில்லை.

திரும்பும் வழியில், "இதை யார் பார்த்தாங்க? விடுங்க சார்" என்றேன்.

"எந்தச் சாக்குல எத்தனை கைன்னு அவருக்கே தெரியல. நீங்க எதைக் கழிப்பீங்க?"

 சார்மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் போகவில்லை. மறுபடி விதைத்து அறுக்க நாளும் இல்லை. விதைப்புப் பட்டம் போனதோடு டாக்டர் பட்டமும் போனது.

மறுநாள், ஆராய்ச்சியை விலக்கிக்கொள்வதாக எழுதித் தபாலில் சேர்த்தார். நிலத்தில் இனி வேலை இல்லை. கூடவே நானும் வீடு வரை போனேன். மணி ஐந்தரை.

அவர் மனைவி கனகலதா பதறிப்போய், "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெளிச்சம் இருக்கே, சோறு போடு."

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "மொத மூணு வருஷம் உங்களுக்கும் சேத்து ஆக்கிப் பாத்தேன். எட்டு வருஷமா சாயங்காலத்துக்கு எனக்கு மட்டும்தாங்க ஆக்கறேன். இப்பதான் சாப்ட்டு முடிச்சேன். இருங்க, உலை வெக்கிறேன்."

சார் வாசல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

"வேணாம் விடு" என்றார். "அதுக்குள்ள பொழுது போயிடும்."