துடைக்காமல் விட்ட முன்கண்ணாடி

கும்பகோணத்தில் டூரிஸ்ட் வேன் வைத்திருப்பவர்கள் நிறைய. வண்டியைத் தன் கையாலேயே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கிளீனராகச் சேர்ந்து, இன்றைக்கு மூன்று வேனுக்கு ஓனர். என் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவலாம்.

அப்படிப்பட்ட கண்ணாடியைத் துடைக்கக் கூடாது என்று ஒரு டீச்சர் என்னையே தடுத்துவிட்டார். தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக அதை எழுதுகிறேன்.

1. கோடியக்கரை ட்ரிப்

வலங்கைமான் பக்கத்து டீச்சர்கள் சரணாலயம் பார்க்க என் வண்டியில் கிளம்பினார்கள். கலைச்செல்வி டீச்சர் முகத்தில் மட்டும் களை இல்லை. அவருடைய ஹெட்மாஸ்டர் வேன் படியிலேயே வந்து நின்று சொல்லிவிட்டார்: "ஊர் சுத்துறதுக்கு இதான் கடைசி பர்மிஷன். திரும்பி வந்து கிளாஸ்ல என்ன செய்றீங்கன்னு நானே வந்து பாப்பேன்."

மற்றவர்கள் பூநாரையோடு செல்ஃபி எடுத்தார்கள். இவர் இறகு, சங்கு, சிப்பி என்று பை நிறையப் பொறுக்கினார். வெளியே வரும்போது வனக்காவலர் பையைத் திறந்தார். "ஒண்ணுகூட வெளிய போகக் கூடாதும்மா. இங்கேயே கொட்டிடுங்க."

கொட்டிவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"போட்டோ இருக்குல்ல டீச்சர்?"

"போட்டோ கிளாஸ் பிள்ளைங்க போன்லயே ஆயிரம் பாத்திருக்குங்கண்ணே. கிட்டப் போயி உத்துப் பாக்க ஒண்ணும் இல்லியே."

பொழுது சாயும் நேரம். வேதாரண்யம் தாண்டியதும் கண்ணாடியில் பூச்சிகள் வந்து அறைந்தன. பச்சை, மஞ்சள், கறுப்பு, ஒரே அப்பல். டீக்கடையில் நிறுத்தித் துணியை நனைத்தேன்.

"அண்ணே, துடைக்காதீங்க! அப்படியே ஸ்கூலுக்குக் கொண்டாங்க."

"பூச்சியவா?"

"பூச்சியத்தான். இது ரோட்டுல தானா வந்து அடிச்சது. யாரும் பையத் திறந்து கேக்க முடியாது."

2. மன்னார்குடித் தூறல்

மன்னார்குடிக்குச் சற்று முன்னால் தூறல் பிடித்தது. வைப்பர் போட்டால் டீச்சரின் பாடம் போச்சு. போடாவிட்டால் ரோடு தெரியாது. பக்கத்துப் பெட்ரோல் பங்க் கூரைக்கடியில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"வீட்ல தேடுவாங்கண்ணே!" என்று பின்சீட்டிலிருந்து சத்தம்.

"இன்ஜின் சூடாயிருக்கு" என்றேன். மழை விடுகிறவரை இன்ஜின் ஆறவே இல்லை. சமாளிப்பில் நம்மை அடிக்க ஆள் கிடையாது.

3. பள்ளிக்கூட வாசல்

மறுநாள் காலை அந்தக் கோலத்தில் வண்டியை எடுத்தேன். ஸ்டாண்டில் ஒருத்தன், "என்னண்ணே, வேனுக்கு அம்மை போட்டுருக்கா?" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் பெஞ்சைப் போட்டு, பூதக்கண்ணாடியோடு ஏறின. இறக்கை, கால், மீசை என்று ஒன்று விடாமல் படம் வரைந்தன. அப்போது ஒரு பெண் கேட்டாள்: "நம்ம ஊருப் பூச்சி எது டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நானே துணியை எடுத்துப் பாதிக் கண்ணாடியைத் துடைத்தேன். அன்று அதே பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் ஊர் வயல் ரோட்டில் நெடுந்தூரம் ஓட்டினேன். பிள்ளைகளோடு ஹெட்மாஸ்டரும் ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்து பார்த்தால் துடைத்த பாதியில் ஒரு கொசு, ஒரு அந்துப்பூச்சி. அவ்வளவுதான்.

"மிச்சமெல்லாம் எங்க சார் போச்சு?" என்றாள் அந்தப் பெண்.

ஹெட்மாஸ்டர் சம்பா வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வயலுக்குப் போன வாரந்தான் மருந்து அடிச்சோம்."

"ஒருநாள் பாத்துட்டு அதனாலதான்னு சொல்லிட முடியாது சார்" என்றார் டீச்சர். "அறுப்பு முடிஞ்சு பாக்கணும். மருந்தே அடிக்காத ஊர்லயும் போய்ப் பாக்கணும்."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியின் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "போய்ட்டு வாங்க. லீவு லெட்டர் வேணாம், ஆன் டியூட்டி போட்டுக்கலாம்" என்றார்.

தம்பிகளே, சவாரி எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள், எதுக்கு என்றும் கேளுங்கள். இப்போது கலைச்செல்வி டீச்சரைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டால் பிள்ளைகள் ஓடிவந்து முதலில் என் கண்ணாடியைத்தான் பார்க்கின்றன. டீச்சருக்கு வணக்கம் அப்புறம்தான்.